சிவப்பு நூல் வெளுத்த நாள்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தபந்தங்களுக்கும், அக்காவோடு வார்டில் நின்று வேலை பார்த்தவர்களுக்கும், அக்கா கையால் ஊசி போட்டுக்கொண்ட தூத்துக்குடி ஊர்க்காரர்களுக்கும் தம்பியின் வணக்கம். அக்கா கர்த்தருக்குள் உறங்கி இன்றோடு ஒரு வருடம் முடிகிறது.

நான் எழுதிப் பழகியவன் இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. துறைமுகத்தில் பாரம் தூக்கும் வின்ச் ஓட்டுகிறேன். மீதிப் படிப்பெல்லாம் டீக்கடைப் பத்திரிகையிலும், நாலு பேர் வாயிலிருந்து விழுகிற பேச்சிலும் பொறுக்கியதுதான். ஒருவர் நல்லதாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் சொல்லிக்கொண்டே இருப்பேன். அப்படி நான் சேர்த்து வைத்த பேச்சில் பாதி அக்காவுடையது. அக்காவின் பேச்சை அப்படியே எழுதுகிறேன். எழுத்தில் குறை இருந்தால் என்னுடையது.

கடைசியாகப் படுத்திருந்த நாட்களில் அக்கா என்னிடம் ஒரு வேலையை ஒப்படைத்தார்கள்.

"ஏலே, நா போன பொறவு மலர் கிலர்னு ஒண்ணு போடுவீய. அதுல என்னைத் தாயின்னும் தெய்வம்னும் எழுதி வைக்காதீய. எழுதுனா இன்னாசி கதைய எழுதணும். அவ மேல குத்தம் இல்லைன்னு அச்சுல வரணும். அத எழுத தைரியம் இல்லைன்னா ஒண்ணும் எழுதாத. வெறும் போட்டோவப் போட்டு நிறுத்திக்கோ."

இதைக் கேட்ட எங்கள் பெரியப்பா மகன் அண்ணன் என்னைத் திட்டினார். "செத்துப்போனவள ஏம்ல சந்தியில நிறுத்துத?" என்றார். அண்ணன் மன்னிக்க வேண்டும். சந்தியில் நிற்க வேண்டும் என்று கேட்டதே அக்காதான்.

அக்கா பிறந்தது சாத்தான்குளத்துக்குத் தெற்கே, செம்மணல் மேடான தேரிக்குள் இருக்கும் எங்கள் ஊரில். அப்பா கோயில் உபதேசியார். அக்காவுக்குப் பதினாலு வயதில் அம்மா பிரசவத்தில் இறந்தார்கள். உதவிக்கு வந்து துணி அலசிப் போட்ட ஊர்ப் பெண்ணுக்கு ரத்தம் நிற்காதது தெரிந்திருந்தது. யாரிடம் சொல்வது, சொன்னால் கோபிப்பார்களோ என்று யோசித்துக்கொண்டே துணியை அலசியிருக்கிறார். பொழுது விடிந்து அம்மா வெளுத்துக் கிடந்தபோதுதான் மற்றவர்களுக்குத் தெரிந்தது. அந்தக் குழந்தையும் தங்கவில்லை. எனக்கு அப்போது ஐந்து வயது. என்னைத் தூக்கிக்கொண்டு கோயில் வாசலில் நின்ற அக்காவின் எலும்பு குத்தியதுதான் எனக்கு நினைவிருக்கிறது.

நாசரேத்தில் போர்டிங்கில் தங்கிப் படித்தார்கள். பிறகு நர்ஸ் படிப்பு. அப்பாவும் போன பின்பு என்னையும் கூட்டிக்கொண்டு தூத்துக்குடிக்கு வந்து, ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தார்கள். ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. அங்கே இன்றும் நல்லவர்கள் வேலை பார்க்கிறார்கள். அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கேட்டவர்களிடம், "நாப்பது கட்டில் கெட்டியிருக்கேன், போதாதா?" என்பார்கள்.

புதுத் துறைமுகம் வேலை மும்முரமாக நடந்த காலத்தில் அக்கா ஹெட் நர்ஸ் ஆனார்கள். ஊருக்குள் வெளி ஆட்கள் குவிந்தார்கள். கல் உடைக்கிறவர்கள், லாரிக்காரர்கள், சுமை தூக்குகிறவர்கள். ஆஸ்பத்திரியில் ஆள் எண்ணிக்கை கூடியது, படித்த நர்சுகள் கூடவில்லை. அதனால் ஆயாக்களையும் தோட்டிகளையும் வார்டு ஆட்களையும் வைத்துத்தான் வார்டு ஓடியது. அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது ஹெட் நர்ஸின் வேலை என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. அக்கா அதை முதல் வேலையாக எடுத்துக்கொண்டார்கள்.

காலை ஏழு மணிக்கு ஷிப்டு மாறும்போது பத்து நிமிடம் பாடம். பாட்டில் அலமாரிக்கு முன்னால் எல்லோரும் நிற்க வேண்டும். மலத்தின் நிறம் மாறினால் என்ன, உதடு காய்ந்தால் என்ன, குழந்தை அழுவதை நிறுத்தினால் ஏன் பயப்பட வேண்டும், இதெல்லாம் பாடம். ஒரு டாக்டர் சிரித்துக்கொண்டே, "தோட்டிக்கு எதுக்கு சிஸ்டர் இதெல்லாம்?" என்று கேட்டிருக்கிறார்.

"நீங்க ஒரு நாளைக்கு ரெண்டு தடவ வாரீங்க டாக்டர். பெட்பான் எடுக்கவ இருவது தடவ வாரா. எனக்கு யாரு கண்ணு வேணும்?" என்றார்களாம் அக்கா. டாக்டர் சிரிப்பை மடித்து வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்தப் பாடத்தில்தான் நூல் வந்தது. அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அந்த ஆஸ்பத்திரியில் டிரிப் ஏற்றி முடிந்த கண்ணாடிப் பாட்டில்களைத் தூர எறிவதில்லை. கழுவி, மற்றவற்றை ஊற்றி வைப்பார்கள். குடிக்கிற தண்ணீரும் அதே பாட்டில், புண் கழுவுகிற லோஷனும் அதே பாட்டில். இரண்டும் பார்க்க ஒரே நிறம். லேபில் ஒட்டினாலும் ஆயாக்களுக்கு வாசிக்கத் தெரியாது. அதனால் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வாய்க்குள் போகக்கூடியது என்றால் பாட்டில் கழுத்தில் வெள்ளை நூல். வாய்க்குள் போகவே கூடாதது என்றால் சிவப்பு நூல். முடிச்சைத் தன் கையால்தான் போடுவார்கள். பாட்டிலைக் கழுவும்போது நூலை அவிழ்த்துவிட்டு, நிரப்பிய பிறகு புது நூல்.

"நூலப் பாரு. என் மூஞ்சியப் பாக்காத" என்பது அக்காவின் வார்த்தை. வார்டு முழுக்க அது வேடிக்கையாகப் பரவிவிட்டது. சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போதுகூட ஒருத்தி, "ஏளா, நூலப் பாத்தியா?" என்று கேட்க மற்றவள் சிரிப்பாள். இரண்டு வருடம் ஒரு தப்பும் நடக்கவில்லை. வேறு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து பார்த்துப் போனார்கள். மேட்ரன் வேலை அக்காவுக்குத்தான் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள்.

அக்காவின் பாடத்தை வரிக்கு வரி பிடித்துக்கொண்டவர் இன்னாசியம்மாள். கடற்கரைத் தெருவைச் சேர்ந்தவர், அக்காவைவிட இரண்டு வயது மூத்தவர். அவர் கணவர் முத்துக்குளிப்பிலும் பிறகு சங்கு எடுப்பதிலும் மூழ்கி மூழ்கி இரண்டு காதும் போனவர். கடலுக்குள் இறங்க முடியாமல் வீட்டோடு இருந்தார். இன்னாசியம்மாளின் ஆயா வேலைதான் அந்த வீட்டின் அடுப்பு. "இன்னாசி இருந்தா நா கண்ண மூடிக்கிட்டு நடப்பேன்" என்று அக்கா சொல்வார்கள். அந்த வார்த்தையை நான் அப்போது ரசித்தேன். 

ஒரு கோடையில் ஊரில் வாந்திபேதி வந்தது. உப்பளத்துப் பக்கம் நல்ல தண்ணீர் இல்லை, கிடைத்ததைக் குடித்தார்கள். நாற்பது கட்டில் வார்டில் நூறு பேருக்கு மேல். கட்டிலுக்கு அடியிலும் ஆட்கள். அக்கா மூன்று நாளாக வீட்டுக்குப் போகவில்லை. அப்போது இரண்டு உத்தரவு போட்டார்கள். பாத்திரம், பாட்டில், பாய் எல்லாவற்றையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் முக்க வேண்டும். நூலை அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருக்க நேரமில்லை, நூலோடேயே முக்கி எடுக்கலாம்.

இரண்டும் நியாயமான உத்தரவு. இரண்டும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று அக்காவுக்குத் தோன்றவில்லை. வீட்டில் சேலை வெளுக்கிற எந்தப் பெண்ணும் சொல்லியிருப்பாள். சிவப்பு நூலை நாலு நாள் பிளீச்சிங் தண்ணீரில் முக்கினால் அது வெளுத்துப்போகும்.

ஐந்தாம் நாள் காலை, லோஷன் தட்டிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு இன்னாசியம்மாள் அக்காவிடம் வந்தார்.

"சிஸ்டரம்மா, இத செத்த பாருங்க. லோஷன் தட்டுல இருந்துச்சு. நூலு வெள்ளையால்லா இருக்கு?"

அக்காவின் இரண்டு கையிலும் டிரிப் குழாய். திரும்பாமலே சொன்னார்கள். "நூலு என்ன சொல்லுதோ அதச் செய்யி. என்கிட்ட கேக்காதன்னு எத்தன தடவ சொல்ல?"

இன்னாசியம்மாள் பாடத்தின்படி செய்தார். வெள்ளை நூல் என்பதால் பாட்டிலைக் குடிக்கிற தண்ணீர்த் தட்டுக்கு மாற்றி வைத்தார். அதில் இருந்தது போரிக் லோஷன். மணம் இல்லை, நிறம் இல்லை. அதை உப்பும் சர்க்கரையும் போட்ட தண்ணீர் என்று நினைத்து, ஒன்றரை வயதுப் பெண் குழந்தை ஒன்றுக்குக் கரண்டி கரண்டியாகப் புகட்டினார்கள். குழந்தை வாந்தி எடுத்தது. வாந்தி எடுத்தால் இன்னும் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்பதும் அக்கா சொல்லிக்கொடுத்த பாடம். அதனால் இன்னும் கொடுத்தார்கள். காலையிலிருந்து மத்தியானம் வரை அந்தப் பாட்டிலைக் கையில் எடுத்தவர்கள் மூன்று பேர். ஒருவர் இன்னாசியம்மாள். மற்ற இருவர் படித்த நர்சுகள். மருந்தறையில் ஒட்டிய லேபில் பாதி கிழிந்து பாட்டிலில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது, வாசித்திருக்கலாம். அந்த இருவரும் நூலைத்தான் பார்த்தார்கள். படித்தவர்களுக்கும் வாசிக்கும் பழக்கத்தை அக்காவின் நூல் மறக்கடித்திருந்தது.

மத்தியானம் அக்கா அந்தக் குழந்தையைத் திருப்பிப் பார்த்தபோது உள்ளங்கையும் பின்பக்கமும் வெந்ததுபோல் சிவந்திருந்தது. பேதியில் அப்படிச் சிவக்காது. அக்கா தண்ணீர்த் தட்டிலிருந்த பாட்டிலை எடுத்து, ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்கள். பிறகு கழுத்திலிருந்த நூலின் முடிச்சை அவிழ்த்தார்கள். வெளியே வெள்ளையாக இருந்த நூல் முடிச்சின் உள்ளே, பிளீச்சிங் தண்ணீர் போகாத இடத்தில், நல்ல சிவப்பாக இருந்தது.

டாக்டரைக் கூப்பிட்டார்கள், வயிற்றைக் கழுவினார்கள், செய்ய வேண்டியதெல்லாம் செய்தார்கள். சாயங்காலம் விளக்கு வைக்கும் முன் குழந்தைக்கு வலிப்பு வந்து உயிர் அடங்கிவிட்டது. தாய் உப்பளத்தில் வேலை பார்ப்பவள். வாரிய உப்பு காலில் அறுத்த புண்ணோடு கட்டில் பக்கம் நின்றாள். அவள் முதலில் அழவில்லை. "இப்பத்தான தண்ணி குடிச்சா, இப்பத்தான குடிச்சா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

அவிழ்த்த நூல் அக்காவின் ஏப்ரன் பைக்குள் போய்விட்டது. அதை வேண்டுமென்று மறைத்தார்களா, கை தானாகச் செய்ததா என்று நான் ஒருமுறை கேட்டேன். "முதல்ல கை செஞ்சுது. பொறவு நா செஞ்சேன்" என்றார்கள்.

மறுநாள் ஆஸ்பத்திரி அலுவலக அறையில் விசாரணை. செயலாளர், பெரிய டாக்டர், அக்கா. இன்னாசியம்மாளை நிறுத்தி வைத்துக் கேட்டார்கள்.

"லேபில் பாத்தியா?"

"எனக்கு எழுத்து தெரியாதய்யா. நூலப் பாத்தேன். வெள்ள நூலு."

செயலாளர் பாட்டிலை மேசை மேல் வைத்தார். "இதுல நூலே இல்லையேம்மா?"

இன்னாசியம்மாள் பாட்டிலைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். "நூலு இருந்துச்சய்யா. சிஸ்டரம்மாகிட்ட கொண்டுபோய்க் காட்டிக் கேட்டேன். அவியகிட்டயே கேளுங்க."

செயலாளர் அக்கா பக்கம் திரும்பினார். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டு, "அந்தக் கூட்டத்துல எனக்கு ஞாபகம் இல்ல" என்றார்கள்.

அவ்வளவுதான். அன்றே இன்னாசியம்மாளுக்கு வேலை போனது. எழுத்து தெரியாத ஆயா மருந்தை மாற்றிக் கொடுத்துவிட்டாள் என்று போலீசுக்கும் குழந்தையின் வீட்டுக்கும் சொல்லப்பட்டது. ஆஸ்பத்திரி வாசலில் அந்தத் தாய் இரண்டு கையாலும் மண்ணை வாரி இன்னாசியம்மாள் மேல் வீசினாள். இன்னாசியம்மாள் முகத்தைத் துடைக்காமல் வீடு வரை நடந்தே போனார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து அக்கா என் வீட்டுக்கு வந்து, பையிலிருந்து அந்த நூலை எடுத்துச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். எல்லாவற்றையும் சொன்னார்கள். நான் கேட்டுவிட்டுச் சொன்னது இது:

"எக்கா, சும்மா இரி. மேட்ரன் வேலை கைக்கு வந்துட்டு. இப்பப் போயி வாயத் தொறந்தா உன்னைய ஜெயில்ல வைப்பான். செத்த பிள்ள வரவா போவுது? அந்தம்மாவுக்கு நா துறைமுகத்துல ஒரு வேலை பாத்துக் குடுக்கேன்."

என் மூன்று பிள்ளைகளையும் படிக்க வைத்துக்கொண்டிருந்தது அக்கா. அக்காவுக்கு ஒன்று என்றால் என் வீடும் கவிழும். அந்தப் பயத்தைத்தான் நான் புத்திமதி மாதிரிப் பேசினேன். அக்கா நூலை எடுத்துக்கொண்டு, சாப்பிடாமல் எழுந்து போனார்கள்.

பதினோரு நாள் அக்கா ஆஸ்பத்திரியில் வாய் திறக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை இன்னாசியம்மாள் இடத்துக்குப் புது ஆயா ஒருத்தி வந்தாள். முத்தையாபுரம் பக்கத்துப் பெண். ஏழு மணிப் பாடத்தில் அலமாரிக்கு முன்னால் நின்று, பயபக்தியாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நூல மட்டும் பாத்தா போதும், இல்லையா சிஸ்டர்?" என்று கேட்டாள்.

அக்கா பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்கள். பிறகு பையிலிருந்த நூலை எடுத்து உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார்கள். பிளீச்சிங் தண்ணீரைப் பற்றிச் சொன்னார்கள். இன்னாசி கேட்டதையும், தான் திரும்பிப் பார்க்காததையும், அலுவலக அறையில் பொய் சொன்னதையும் சொன்னார்கள். அந்தப் பத்து நிமிடம்தான் அக்கா நடத்திய பாடத்திலேயே பெரிய பாடம் என்று அன்று அங்கே நின்ற ஒரு நர்ஸ் என்னிடம் சொன்னார். ஆனால் அதே நர்ஸ் இன்னொன்றும் சொன்னார்: "அதக் கேக்க வேண்டியவ அங்கன இல்லையே அண்ணாச்சி."

அங்கிருந்து அக்கா நேராகச் செயலாளர் அறைக்குப் போனார்கள். அவர் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரியை மூடும்படி ஆகிவிடுமோ என்று பயந்தவர்.

"போலீசுக்கு ஒரு மாதிரி எழுதிக் குடுத்தாச்சு சிஸ்டர். இனிமே வேற மாதிரி எழுத முடியுமா? அந்தம்மாவ வேணும்னா சலவைப் பக்கம் சேத்துக்கிடலாம். எழுத்துல ஒண்ணும் கேக்காதீங்க."

எழுத்தில்தான் வேண்டும் என்று அக்கா நின்றார்கள். கிடைக்கவில்லை. அக்காவே ஒரு முழுத்தாளில் நடந்ததை எழுதி, கையெழுத்துப் போட்டு, அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள். மத்தியானத்துக்குள் யாரோ கிழித்துவிட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனார்கள். அங்கே உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, "உடம்பு அலுப்புல பேசுதீங்க, போய் ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். உப்பளத்துத் தாயைத் தேடிப் போனார்கள். அந்தக் குடும்பம் குடிசையைப் பிரித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போயிருந்தது.

இன்னாசியம்மாள் வீட்டுக்கு அக்காவோடு நானும் போனேன். காது கேட்காத அவர் கணவர் வாசலில் வலை பின்னிக்கொண்டு, எங்களைப் பார்த்துச் சிரித்தார். அவருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. இன்னாசியம்மாள் உள்ளேயிருந்து வந்து, உட்காரச் சொல்லாமல் நின்றார்.

"இன்னாசி, தப்பு என்னோடது. எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டேன். வேலைக்கு வாளா."

"எனக்கு வேலை வேண்டாம் சிஸ்டரம்மா."

"பொறவு நா என்ன செய்யணும்? சொல்லு, செய்யுதேன்."

இன்னாசியம்மாள் பேசத் தொடங்கியபோது குரல் உயரவே இல்லை.

"பைப்புல தண்ணி பிடிக்கப் போனா, என் கொடம் பட்டுரும்னு அவளுவ கொடத்த நவுத்துதாளுவ. பக்கத்து வீட்டுப் பிள்ள தாகம்னு வந்துச்சு, செம்புல மோந்து குடுத்தேன். அவ அம்மா ஓடியாந்து தட்டி விட்டுட்டா. பிள்ளைய கொன்னவன்னு எனக்குப் பேரு. நீங்க வார்டுல நாலு செவருக்குள்ள சொன்னீக. அது இந்தத் தெருவுக்கு எப்படிக் கேக்கும்? எனக்கு எம் பேரு வேணும். அத யாருகிட்ட போயி நா கேக்க?"

அக்கா கை நீட்டினார்கள். இன்னாசியம்மாள் கையைக் கொடுக்கவில்லை.

"அன்னைக்கு அந்த ரூம்புல உங்க கண்ணத்தான் தேடுனேன். நீங்க தரையப் பாத்தீக" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

மேட்ரன் வேலை வேறொருவருக்குப் போனது. அக்காவைத் துணி அறைக்கு மாற்றினார்கள். ஒரு வருடம் போர்வையும் தலையணை உறையும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ஆனால் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் வார்டு திணறியது. பதவி இல்லாமல் பாடத்துக்கு மட்டும் அக்காவைத் திரும்பக் கூப்பிட்டார்கள். போனார்கள்.

அதற்குப் பிறகு அக்காவின் பாடம் வேறு. நூல் கட்டுவதை நிறுத்தினார்கள். லோஷனை டிரிப் பாட்டிலில் ஊற்றக் கூடாது, கைப்பிடி வைத்த தகர டப்பாவில்தான் என்று சண்டை போட்டு வாங்கினார்கள். ஆயாக்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் அரை மணி நேரம் எழுத்து. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: யாராவது "இது என்ன?" என்று கேட்டால், கேட்டது யாராக இருந்தாலும், வேலை செய்கிற கை நிற்க வேண்டும். கேட்டவளுக்குப் பதில் சொன்ன பிறகுதான் கை அசைய வேண்டும்.

ஒருமுறை புது டாக்டர் ஒருவர் ஊசியோடு போகும்போது, தரை துடைத்துக்கொண்டிருந்த அம்மா, "அது எந்தக் கட்டிலுக்கு டாக்டர்?" என்று கேட்டிருக்கிறார். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் வேலையப் பாரு" என்றார். அக்கா குறுக்கே வந்து நின்றார்கள்.

"அவ வேலையத்தான் பாக்கா டாக்டர். நீங்க நின்னு பதில் சொல்லிட்டுப் போங்க."

கட்டில் சரிதான். டாக்டர் முணுமுணுத்துக்கொண்டே பதில் சொன்னார். தரை துடைத்த அம்மா பயத்தில் அழுதுவிட்டார். அக்கா அவரைத் தட்டிக்கொடுத்து, "சரியா இருந்தாலும் கேக்கணும். தப்பா இருக்கும்போது மட்டும் கேக்க நமக்கு ஜோசியமா தெரியும்?" என்றார்கள். இந்த வார்த்தையை நான் துறைமுகத்தில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் அக்கா பழைய ஆளாக ஆகவில்லை. சிரிப்பார்கள், வேடிக்கை பேசுவார்கள். சாப்பாட்டில் பாதியில் கை நின்றுவிடும். என் பிள்ளைகளுக்குத் தண்ணீர் மோந்து கொடுக்கும்போது, முதலில் தான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். பிள்ளைகள் அத்தை எச்சில் தண்ணீர் கொடுக்கிறாள் என்று கேலி செய்தார்கள். எங்களால் சிரிக்க முடியவில்லை.

பிறகு வயிற்றில் கட்டி. மதுரைக்குக் கொண்டுபோய்க் காட்டினோம். முற்றிவிட்டது என்றார்கள். தான் சொல்லிக்கொடுத்த வார்டிலேயே படுக்க வேண்டும் என்றார்கள். அங்கே ஒவ்வொரு ஊசிக்கும் நர்சை நிறுத்தி, "இது என்ன?" என்று கேட்பார்கள். மருந்தின் பெயரைச் சொன்ன பிறகுதான் கையை நீட்டுவார்கள். கடைசி இரண்டு நாள் பேச்சு இல்லை. அப்போதும் நர்சுகள் நின்று, மருந்தின் பெயரைச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் ஊசி போட்டார்கள். அக்கா காதில் விழுந்ததோ இல்லையோ தெரியாது.

இன்னாசியம்மாளைக் கூப்பிட நான் போனேன். இப்போது உப்பளத்தில் வேலை பார்க்கிறார். "வாரேன்" என்றார். வரவில்லை. அக்கா இரண்டு நாள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் பார்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அன்றுதான் என்னிடம் இந்த மலரைப் பற்றிச் சொன்னார்கள்.

அக்காவைக் கடைசி வரை கழுவித் துடைத்துப் புரட்டிப் படுக்க வைத்த வார்டு ஆயாக்களுக்கும் நர்சுகளுக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. மதுரைக்குத் தன் வண்டியில் கூட்டிப்போன காயல்பட்டினத்து நண்பருக்கும், அடக்கத்தன்று வெயிலில் பெட்டியைச் சுமந்த துறைமுகத் தோழர்களுக்கும், ஜெபம் செய்த சபை ஐயருக்கும், சமைத்துப் போட்ட எங்கள் தெருப் பெண்களுக்கும் நன்றி. என்னைத் திட்டினாலும் இந்த மலருக்குக் காகிதம் வாங்கிக் கொடுத்த பெரியப்பா மகன் அண்ணனுக்கும் நன்றி.

இனி அக்கா கேட்டதை எழுதுகிறேன். கடற்கரைத் தெரு இன்னாசியம்மாள் குற்றம் செய்யவில்லை. சொல்லிக்கொடுத்ததைச் செய்தார். சந்தேகம் வந்தபோது கேட்கவும் செய்தார். குற்றம் என் அக்காவுடையது. அதை மறைக்கச் சொன்ன குற்றம் என்னுடையது. இந்த மலரில் நூறு பிரதி அந்தத் தெருவில் வீடு வீடாக என் கையால் கொடுப்பேன். வாசிக்கத் தெரியாத வீட்டில் நின்று வாசித்துக் காட்டுவேன்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் இதை இன்னாசியம்மாளிடம் வாசித்துக் காட்டினேன். உப்பளத்திலிருந்து வந்து கால் கழுவிவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முழுவதும் கேட்டார். அழவில்லை. 

"எம் பேரு வருது. சரி. அவிய குத்தமும் வருது, உன் குத்தமும் வருது. எல்லாஞ் சரி தம்பி. அந்தப் பிள்ள பேரு எங்க?"

எனக்குத் தெரியவில்லை. நான் கேட்டதே இல்லை. அக்கா என்னிடம் எத்தனையோ முறை சொல்லி அழுதிருக்கிறார்கள், ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. இதோ இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். குழந்தை, குழந்தை என்றுதான் எழுதியிருக்கிறேன்.

"அவ அம்மா அன்னைக்குப் பூரா அந்தப் பேரத்தான் சொல்லிக் கூப்புட்டுக்கிட்டு இருந்தா" என்றார் இன்னாசியம்மாள். "நா மறக்கல. எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். அவள் பெயர் வடிவு.